கை படாத ரிப்பேர்

மூன்று வருடமாகத் தூங்கி வழிந்த கம்ப்யூட்டரை, விரல்கூடப் படாமல் ஒரே வரியில் ஓடவைத்தவன் நான்.

நெல்லிவாசலிலிருந்து நடந்து வந்த பூஜா, மூன்றாம் நாளாக எங்கள் ஊர் சேவை மைய பெஞ்சில் சோர்ந்து கிடந்தாள். மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் ஏறாவிட்டால் காலேஜ் சீட் போய்விடும். கம்ப்யூட்டரோ, ஆன் செய்துவிட்டுப் போய்ச் சாமை விதைத்து அறுத்து வந்தாலும் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

"டிஸ்க்குல எடமே இல்ல. நான் இன்னா பண்றது?" என்று கொட்டாவி விட்டான் ஆபரேட்டர் தனசேகரன்.

"நான் தொடாமலே சரி பண்றேன்" என்றேன்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, நீங்க டூப்பு விடுறது மட்டும் இன்னும் ரிட்டயர் ஆவல சார்!"

அவன் காதில் ஒரு வரி சொன்னேன். முகம் வெளிறிப்போய், "எல்லாரும் டீ குடிச்சுட்டு வாங்க" என்று எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

டீ ஆறுவதற்குள் கதவு திறந்தது. கம்ப்யூட்டர் ஒரே நிமிடத்தில் எழுந்தது. பூஜாவின் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

தனசேகரன் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தான். "சார், டிஸ்க்க செக் பண்ண போளூர்லேந்து ஆபீசர் ஜீப்புல கெளம்பிட்டார்னீங்களே, இன்னும் காணோமே?"

"எந்த ஆபீசரு?"

அவன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். "நான் ஏத்தி வச்ச நூத்தி நாப்பது சினிமா சார்... மொத்தத்தையும் அழிச்சிட்டேன்."

பெருமூச்சு விட்டான். "ஒத்துக்கிறேன். நீங்க தொடவே இல்ல."