பச்சைக் கண்

ஒட்டாகோ மேய்ச்சல் நிலத்தில் புல்லெல்லாம் உறைபனி. வண்டியின் பின்தட்டில் முர்ரே, இருட்டிலும் பார்க்கும் புதுக் கண்ணாடியைத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரமாகக் குந்தியிருக்கிறான். இன்னும் ஒரு முயல்கூட விழவில்லை. “இனி வெளக்கு எதுக்கு?” என்று அவன் கேட்டும், மனைவி நோலீன் கைவிளக்கோடு வந்திருக்கிறாள். “அதோ, கண்ணு மின்னுது” என்கிறான் முர்ரே. அவன் விரல் விசைக்குப் போகிறது. அந்தக் கண்ணாடிக்கு எல்லாக் கண்ணும் வெள்ளைதான். நோலீன் விளக்கைப் போடுகிறாள். முயலின் கண் சிவப்பாக எரியும், இது பச்சை. “சுடாத. நம்ம பூனை.” விரல் விலகுகிறது. வெளிச்சத்தின் நடுவே பூனை நிதானமாக நடந்து வருகிறது, வாயில் ஒரு முயல் தொங்க. நோலீன் சூடான தேநீரை அவன் கையில் வைக்கிறாள். “பூனை எந்தக் கடையில கண்ணாடி வாங்குச்சுன்னு கேட்டு வை.”