கண்ணாடியில இருந்தவன்

குருவிக் கதைன்னதும் கூடு, முட்டை, குஞ்சுன்னு கேக்க வசதியா உக்காந்துட்டீங்க. பொறுங்க, இதுல கூடே பாதிதான் இருக்கு.

மீட்டர் பெட்டிக்குள்ள வீடு கட்டிக்கிட்டிருந்த ஆண் குருவி, கீழே நின்ன பைக்கோட கண்ணாடியில ஒருத்தனைப் பாத்துச்சு. "யார்றா நீ, என் வீட்டு வாசல்ல?"ன்னு ஒரு கொத்து கொத்துச்சு. அவனும் திருப்பிக் கொத்தினான்.

"வைக்கோல் கொண்டாங்க, முட்டை வைக்கிற நேரம் வந்தாச்சு"ன்னுச்சு பெண் குருவி.

"இரு புள்ள, இவனை விரட்டிட்டு வந்துடறேன். யாரும் துணைக்கு வேணாம், நானே பாத்துக்கறேன்."

தினமும் இதே பேச்சு. அலகு வீங்கினதுதான் மிச்சம், கூடு பாதியிலயே நின்னுச்சு.

ஒருநாள் வீட்டுக்காரர் பைக்கை வித்துட்டார். "பாத்தியா புள்ள, ஒத்தை ஆளா நின்னு நானே விரட்டிட்டேன்!"னு கத்திக்கிட்டே குருவி பெட்டிக்குப் பறந்து வந்துச்சு. பெட்டி காலியா இருந்துச்சு. பெண் குருவி எப்பக் கிளம்பிப் போச்சுன்னுகூட அதுக்குத் தெரியல.

"பாவி, அவன்தான் கூட்டிட்டுப் போயிட்டான்"னு குருவி விம்முச்சு.

சுவத்துல இருந்த பல்லிக்கு வாய் சும்மா இருக்கல.

"அவன்னு யாருமே இல்லண்ணே. இத்தனை நாளும் நீங்க உங்களையேதான் கொத்திக்கிட்டிருந்தீங்க."