பூதத்தின் குரல்

கணினி வகுப்பு ஆசிரியையின் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள் அம்மா. கண் கலங்கியிருந்தது.

"கம்ப்யூட்டர்ல விளையாட்டு உருவாக்கச் சொல்லித் தர்றீங்கன்னுதான் என் பொண்ணைச் சேர்த்தேன். இதைப் பாருங்க. நேத்து வீட்டு லேப்டாப்புல இருந்துச்சு."

திரையில் கரண்டியோடு ஒரு பூதம் குட்டி உருவமொன்றைத் துரத்தியது. ஈரத்துண்டு கட்டில்மேல் விழுந்தால் ஓர் உயிர் போனது. கூப்பிட்ட மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் இன்னோர் உயிர். பூதம் கத்தியதோ அம்மாவுடைய சொந்தக் குரலில்.

"புரோகிராம்ல நிபந்தனையெல்லாம் சரியா எழுதியிருக்கு. ஒரு தப்புகூட இல்ல," என்றார் ஆசிரியை.

"அதையா கேக்க வந்தேன்? பத்து மாசம் சுமந்து பெத்தவளைப் போய்ப் பூதமா..."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உங்க பொண்ணு பண்ணது முயல் கேரட் பறிக்கிற விளையாட்டுங்க. இது பெற்றோருக்கான சனிக்கிழமை வகுப்புல உங்க வீட்டுக்காரர் பண்ணது. ஜெயிக்க வழியே வைக்கலையேன்னு கேட்டேன். 'நிஜத்துல இருந்தாத்தானே மேடம் வைக்கிறதுக்கு'ன்னார்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

"அந்த வகுப்புல எனக்கும் ஒரு இடம் போடுங்க மேடம். அவர் பக்கத்துலயே."