குடிக்காமல் வைத்த காபி

வாசலில் எட்டுக் கார்கள் வரிசையாக வந்து நின்றன. கறுப்பு மேலங்கியும் தலைத்துணியுமாக இருபது பெரிய மனிதர்கள் இறங்கினார்கள். பார்க்கிற யாரும் பெண் கேட்டு வந்த கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அபூ தைசீர் வீட்டில் பெண்ணே கிடையாது, மூன்றும் பையன்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்த அபூ தைசீர் சட்டென்று திரையை இழுத்து விட்டார். முன்னால் வந்தவர் முஃப்லிஹ், கிர்பத் ஷீஹ் ஊராட்சித் தலைவர். ஊராட்சிகளின் சிறந்த சமூகப் பணிக்கான விருதுப் போட்டியில் அந்த ஊரின் பொதுத் தோட்டமும் இருந்தது. நடுவர் அபூ தைசீர். முடிவை நாளைக் காலையில் அவர் தலைநகர் அம்மானுக்கு அனுப்ப வேண்டும்.

"பரிசு கேட்டுத்தான் வர்றாங்க. காபியைக் குடிக்காம கீழ வச்சிடுவாங்க பாரு," என்றார் மனைவியிடம்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, விருந்தாளி அப்படி வைத்துவிட்டால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்த வீட்டுக்காரர் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

உம்மு தைசீர் ஏலக்காயை இடித்துக்கொண்டே சிரித்தாள். "குடுத்துட்டுப் போங்களேன். எப்படியும் அவங்களுக்குத்தானே முதல் பரிசுன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"அதுதான் கொடுமையே! ஒரு தடவைதான் குடுக்க முடியும், ஜெயிச்ச ஊரு அப்புறம் போட்டிக்கே வரக் கூடாது. அதைப் போய் இப்படியா வாங்கணும்? முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்து ஒருத்தனுக்கும் அரை மார்க் சும்மா போட்டதில்ல. ஒரு காபில பேரு போகப் போகுது."

"அந்தத் தோட்டம் அவ்வளவு ஒசத்தியா?"

"பாலைவனத்துல மாதுளை காய்ச்சுத் தொங்குது!"

"தொங்காதா பின்ன? போட்டில இருக்கிற ஊருக்கெல்லாம் விருதுக் குழு வாரம் ரெண்டு தண்ணி லாரி அனுப்புது. செடி குடிச்சது போக ஊரே அதுலதான் குளிக்குதாம், என் தங்கச்சி சொன்னா."

அதைக் காதில் வாங்கும் நிலையில் அபூ தைசீர் இல்லை. கூடத்தில் மெத்தைகள் நிறைந்துவிட்டன. காபி வந்தது. முஃப்லிஹ் கிண்ணத்தை வாங்கி, உதட்டுப் பக்கமே கொண்டு போகாமல், கம்பளத்தின் மேல் வைத்தார்.

அபூ தைசீருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "குடிங்க முஃப்லிஹ், ஆறிடப் போகுது. மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்குக் கதை முடிஞ்சிடுமே, அபூ தைசீர். நீங்க நேர்மையான மனுஷன்னு தெரியும். அதனாலதான் பயந்து போய் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்."

"ரெண்டு வருஷம் ரெண்டாவதா வந்தீங்க. இந்தத் தடவை என் கடமையை நான் செய்யறேன். இப்படி வந்து என்னைச் சங்கடப்படுத்தலாமா?"

"எழுபது வீடு, அபூ தைசீர். குழாயைத் திறந்தா காத்துதான் வருது. பிள்ளைங்க முகத்தைப் பாத்து நீங்கதான் மனசு இரங்கணும்."

இருபது பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாழாய்ப்போன வழக்கம், யார் கண்டுபிடித்தார்களோ!

"சரி, வாக்குக் குடுத்துட்டேன். காபியைக் குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான். வாய் விட்டுச் சொல்லியே தொலைங்க."

முஃப்லிஹ் கண்கள் கலங்க, கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"இந்த வருஷமும் எங்களைத் தோக்கடிச்சிடுங்க."