எக்ஸ்டென்ஷன் 219

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஜூஜுவாடியில் உள்ள இந்தத் தொழிற்சாலைக்கு வரும் எந்த அழைப்பும் பதிலின்றிப் போகாது. எம்.டி. கையெழுத்திட்ட இந்தப் பிரகடனம், டெலிபோன் ஆபரேட்டர் நாகவேணியின் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

மெஷினில் கை போனவர்களின் வீட்டிலிருந்து அழைத்தால் 219-க்கு மாற்றிவிட வேண்டும் என்பது எச்.ஆர். உத்தரவு. 219, ஸ்கிராப் ஷெட்டில் வயர் அறுந்து கிடக்கும் போன். அழைப்பவர் காதில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். சலித்துப்போய் வைத்துவிடுவார்கள்.

ஊத்தங்கரை சரசம்மாவை நாகவேணி பதினொரு முறை அங்கே அனுப்பியிருந்தாள். பன்னிரண்டாம் முறை சரசம்மா நன்றி சொல்ல அழைத்தாள்.

"நேத்து எடுத்துட்டாங்க மேடம். எங்க வூட்டுக்காரரு கை போனதெல்லாம் பொறுமையா கேட்டாங்க."

"யாருங்கம்மா எடுத்தது?"

"ஒரு பொம்பள. மன்னிச்சுடுங்கன்னு ஒரே அழுகை. பேரு நாகவேணின்னாங்க. ஆமா, உங்க பேரு என்னங்க மேடம்?"

நாகவேணி "லைன்ல இருங்கம்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு 219-ஐ அழுத்தினாள்.

பிஸியாக இருந்தது.