பாலத்து ஏற்றம்

கால் சரியில்லாத அக்காவுக்காகத் தம்பி ஒரு மூன்று சக்கர மின்வண்டி செய்திருந்தான். மோட்டாரை அடக்கி ஆளும் சர்க்யூட்டை மலிவான உதிரிகளால் கட்டியிருந்தான். முன்பு செய்த இரண்டு சர்க்யூட்டுகளும் பாலத்து ஏற்றத்தில் கருகிவிட்டன. இதுவும் போனால் அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தையற்கடை வேலையை விடவேண்டியதுதான்.

அன்று காலை அவனும் வண்டியோடு நடந்தான். ஏற்றம் தொடங்கியதுமே பேட்டரியிலிருந்து மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரத்தில் ஒரு கர்ப்பிணி மூச்சு வாங்க நின்றிருந்தாள். அக்கா பிரேக் போட்டாள்.

“ஏறிக்கோம்மா.”

“அக்கா, உன் எடைக்கே திணறுது. கருகிடும்.”

“இவ ஏறலைன்னா கருகாதுன்னு எழுதிக் குடுப்பியாடா?”

இருவரையும் சுமந்து வண்டி கிளம்பியது. முள் பாதிக்கு இறங்கியது. தம்பி மீட்டரைத் தட்டினான், ஒயரை அசைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. சர்க்யூட் பெட்டி கைக்குச் சில்லென்றிருந்தது.

பாதி ஏற்றத்தில் ஒரு பெரியவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, வாங்க, ஏறிக்குங்க” என்று இந்த முறை கூப்பிட்டது தம்பிதான்.

மூன்று பேரும் மூட்டையுமாக வண்டி உச்சியை நெருங்கியபோது, முள் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்திருந்தது. மேட்டில் ஏற ஏற பேட்டரி நிரம்பிக்கொண்டிருந்தது.