ஒளிவிட்ட இட்லி

அந்த வயிறு எப்போதும் அரைத் தூக்கத்தில்தான் கிடக்கும். காலையில் விழுந்த தோசை சாயங்காலம்வரை அதில் மிதக்கும். கூடவே வலியும் கிடக்கும்.

ஒருநாள் பரிசோதனைக்காக, ஸ்கேனில் தெரியும்படி கதிரியக்கப் பொருள் கலந்த இட்லி ஒன்று நிலாத்துண்டு போல ஒளிவிட்டபடி உள்ளே இறங்கியது.

"அண்ணே, நான் எப்போ இங்கேயிருந்து நகர்றேன்னு வெளியே ஒரு கேமரா பார்த்துக்கிட்டிருக்கு."

வயிறு பதறி எழுந்தது. வலியைச் சும்மா கிடக்கச் சொல்லி அதட்டிவிட்டு, இட்லியை மளமளவென்று அரைத்துத் தள்ளியது.

"தினமும் இப்படித்தானா?" என்று போகிறபோக்கில் கேட்டது இட்லி.

"பின்னே?" என்றது வயிறு.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "வயித்துல ஒரு கோளாறும் இல்லை. மருந்தே வேண்டாம்."

வயிற்றுக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானச் சோறு வந்து விழுந்தது. வலி மெல்ல அருகில் வந்து படுத்துக்கொண்டு, "இனிமே நாம ரெண்டு பேர்தான்," என்றது.